டென்ட்டா, அறையா, சொந்த வண்டியா? கேப் டவுன் முதல் விக்டோரியா அருவி வரை

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, மூணு கொட்டேஷன் வந்திருக்கு. மூணுமே கேப் டவுன்லேர்ந்து நமீபியா, போட்ஸ்வானா வழியா விக்டோரியா அருவி வரைக்கும். வழி ஒண்ணுதான், விலைதான் எங்கெங்கேயோ நிக்குது. இருபது நாள் டென்ட்டுல படுக்கிறது நம்மால ஆகுமா?"

ஆகுமா என்றால் ஆகும். நானும் மனைவியும் ஐம்பதை ஒட்டிய வயதில், ஒரு ஜூலை மாதம், அதே வழியில் லாரியில் போய் டென்ட்டில் படுத்து வந்தவர்கள்தான். இரண்டு வருடம் கழித்து நண்பர்களோடு நமீபியாவில் மட்டும் வண்டி வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். அறையில் தங்கும் வகையில் நான் போனதில்லை. ஆனால் அப்படிப்பட்ட குழு ஒன்று முதல் பயணம் முழுக்க எங்கள் லாரிக்கு முன்னும் பின்னுமாக வந்துகொண்டே இருந்தது. சாயங்காலமானால் அவர்களோடு பேச்சுதான். யாருக்கு யார்மேல் பொறாமை என்பது ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே இருந்தது. போனில் அவனிடம் முழுக்கச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் லாரியைப் பற்றி. ஓவர்லேண்ட் வண்டி பஸ் இல்லை. லாரி சேஸிஸ் மேல் பயணிகள் கூண்டு கட்டியது. ஏறவே நாலைந்து படி. இருபது சொச்சம் பேர் உட்காரலாம். ஆளுக்கொரு லாக்கர் உண்டு. அதில் நுழையாது என்பதால்தான் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப்பை கொண்டுவாருங்கள் என்கிறார்கள். விலாப்பக்கக் கதவைத் திறந்தால் சமையலறை: கேஸ் அடுப்பு, பாத்திரங்கள், மடக்கு மேசை. கேப் டவுனிலிருந்து அருவி வரை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நமீபியத் தலைநகர் வின்ட்ஹூக்கிலிருந்து போட்ஸ்வானா எல்லை தாண்டிக் கான்சி போகும் நாள் மட்டும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். நமீபியாவின் சரளை ரோட்டில் வண்டி அதிரும் அதிர்ச்சிக்கு வழிகாட்டிகள் வைத்திருக்கும் பெயர் "ஆப்பிரிக்கன் மசாஜ்". முதல் நாள் சிரித்தோம்.

இந்த அதிர்ச்சி டென்ட்காரருக்கும் உண்டு, அறைக்காரருக்கும் உண்டு. பல நிறுவனங்களில் இரண்டு வகைக்கும் ஒரே மாதிரி லாரி, ஒரே வழி. கூடுதல் பணம் கொடுத்தால் பகல் மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். மாறுவது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் காலை ஏழு மணி வரைதான்.

அந்தப் பதினாலு மணி நேரத்தில் டென்ட் வகையில் என்ன நடக்கிறது? வண்டி நின்றதும் டென்ட்டை இறக்குகிறோம். கனமான கான்வாஸ், குறுக்கே போகும் இரும்புக் கம்பிகள், நடுவில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம். முதல் நாள் எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. நாலாம் நாள் ஏழு நிமிடம். மெல்லிய மெத்தை அவர்களே தருவார்கள். ஸ்லீப்பிங் பேக்கும் தலையணையும் நம் பொறுப்பு. காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, வண்டி கூட்டுவது எல்லாம் முறைவைத்து நடக்கும். தட்டு துடைக்கத் துணி கிடையாது. கழுவிய தட்டை இரண்டு கையிலும் பிடித்துக் காற்றில் வீசி வீசிக் காயவைக்க வேண்டும். ஃபிளாப்பிங் என்று பெயர். பத்துப் பேர் இருட்டில் வட்டமாக நின்று தட்டை அடித்துக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் கொக்குக் கூட்டம் ஒன்று எழும்ப முடியாமல் தவிக்கிற மாதிரி இருக்கும்.

டென்ட் போடுவது பெரிய காரியமில்லை. மடக்குவதுதான் பாடு. கலஹாரிப் பாலைவன ஓரத்தில் கான்சியில் ஒரு விடிகாலை, கான்வாஸ்மேல் வெள்ளையாக உறைபனி. கம்பியைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி குளிர். மனைவி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒரு முனையைப் பிடிக்க, நான் முழங்காலால் அழுத்தி அழுத்திச் சுருட்ட, ராத்திரி சின்னதாக இருந்த உறை காலையில் இன்னும் சின்னதாகிவிட்டது. எல்லாம் முடிந்து நிமிர்ந்தால் எதிர்வரிசை அறையிலிருந்து ஒரு ஜெர்மன் தம்பதி தலை வாரி, ஷூ போட்டு, காபிக் கோப்பையோடு வெளியே வருகிறார்கள். அந்த நிமிடம் யாராவது ரசீதுப் புத்தகத்தோடு வந்திருந்தால் கேட்ட பணத்தைக் கொடுத்திருப்பேன்.

ஆனால் கணக்கை அந்த நிமிடத்தில் முடித்துவிடக் கூடாது. ஏனென்றால் அதே ஜெர்மன்காரர் ஐந்தாறு நாள் முன்னால், எட்டோஷாவில், என்னைப் பார்த்துப் புலம்பியிருந்தார்.

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவின் வாயில் சூரிய உதயத்துக்குத் திறந்து அஸ்தமனத்துக்கு மூடும். வெளியே அறை எடுத்தவர்கள் இருட்டுவதற்குள் வெளியேறியாக வேண்டும். பூங்காவுக்குள்ளேயே ஒக்காகுவேயோ என்ற முகாம் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு நீர்க்குட்டை, இரவு முழுக்க விளக்கு வெளிச்சத்தில். உள்ளே அறைகளும் உண்டு. ஆனால் விலை அதிகம், சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் அறை வகைக் குழுக்கள் பலவற்றை வாயிலுக்கு வெளியே உள்ள லாட்ஜில் தங்கவைத்துவிடுகிறார்கள். டென்ட்காரர்களுக்கோ உள்ளேயே இடம். சாப்பிட்டு, தட்டு வீசி, போர்வையை எடுத்துக்கொண்டு நூறடி நடந்தால் குட்டைக்கரை பெஞ்சு. அன்றைக்குப் பதினோரு மணி வாக்கில் கருப்புக் காண்டாமிருகம் ஒன்று எதிர்க்கரையில் வந்து நின்றது. தண்ணீர் உறிஞ்சும் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. பெஞ்சில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். ஒரு இருமல் இல்லை. பிறகு குட்டியோடு இன்னொன்று. ஒன்றரை மணிக்குத்தான் எழுந்து போனோம். ஜெர்மன்காரர் அந்த நேரம் முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி நல்ல மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

சோசஸ்ஃப்ளேயிலும் இதே கதை. சிவப்பு மணல்மேடுகளுக்குப் போகும் வழியில் செஸ்ரியம் முகாம். அங்கே இரண்டு வாயில்கள். வெளிவாயில் சூரியோதயத்துக்குத்தான் திறக்கும். முகாமுக்குள் தங்கியவர்களுக்கு உள்வாயில் ஒரு மணி நேரம் முன்பே திறக்கும். 45-வது கிலோமீட்டரில் இருப்பதால் டியூன் 45 என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த மேட்டின் உச்சியில் உட்கார்ந்து உதயம் பார்க்க வேண்டுமானால் அந்த ஒரு மணி நேரம் வேண்டும். வெளியே எவ்வளவு பெரிய லாட்ஜில் இருந்தாலும் உதயம் வாயிலில்தான். பார்த்துக்கொள்: இங்கே மலிவான படுக்கைதான் நல்ல இடத்தில் இருக்கிறது. நமீபியப் பூங்காக்களில் இது அடிக்கடி நடக்கிறது. நான் டென்ட் பக்கம் சாய்வதற்குக் காரணமும் இதுதான், காசு இல்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லா டென்ட் பயணமும் உள்ளே தங்குவதில்லை. செஸ்ரியம் வாயிலுக்கு வெளியேயும் டென்ட் மைதானங்கள் இருக்கின்றன. "செஸ்ரியத்தில் உள்ளேயா வெளியேயா? எட்டோஷாவில் எத்தனை இரவு உள்ளே?" என்ற இரண்டு கேள்வியையும் எழுத்தில் கேட்டு வாங்கு. இரண்டுக்கும் வெளியே என்று பதில் வந்தால் டென்ட்டுக்கு இருந்த பெரிய காரணம் போயிற்று. அப்புறம் விலையை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ கழிமுகத்தில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கிடையாது. மவுன் ஊரிலிருந்து போய், மொக்கோரோ என்ற ஒல்லிப் படகில் ஏறினால், பின்னால் நின்றபடி ஒருவர் நீண்ட கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். முன்பு மரத்தைக் குடைந்து செய்தார்கள். இப்போது பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். தீவு ஒன்றில் இறங்கி முகாம். வேலி இல்லை, மின்சாரம் இல்லை, கழிப்பறை என்றால் குழி வெட்டிச் சுற்றி மறைத்தது. அறை வகையில் போகிறவர்களும் இங்கே பல பயணங்களில் டென்ட்டில்தான் படுக்கிறார்கள். ராத்திரி அவசரம் வந்தால் முதலில் டார்ச்சைச் சுற்றிலும் அடித்துப் பார், கண் எதுவும் மினுங்கினால் உள்ளேயே இரு என்பது வழிகாட்டியின் கட்டளை. எங்கள் டென்ட்டுக்குப் பின்னால் யானை ஒன்று அரை மணி நேரம் கிளை முறித்துத் தின்றுகொண்டிருந்தது. அடக்கிக்கொண்டு படுத்திருந்தோம்.

இந்த விஷயத்தை யாரும் விளம்பரத்தில் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். டென்ட்டா அறையா என்பதை முடிவு செய்ய வேண்டிய முதல் கேள்வி, ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறாய் என்பதுதான். மைதானங்களில் குளியலறைக் கட்டடத்தை அப்லூஷன் பிளாக் என்பார்கள். நாங்கள் போன இடங்களில் பெரும்பாலும் சுத்தமாகவே இருந்தது. வெந்நீருக்கு விறகு போட்டு எரிக்கும் பாய்லர் சில இடங்களில். அதற்கு "டாங்கி" என்று பெயர். ஆனால் டென்ட்டிலிருந்து அது ஐம்பதடியோ இருநூறடியோ. இரண்டு டிகிரி குளிரில் ஸ்லீப்பிங் பேக் ஜிப், டென்ட் ஜிப், செருப்பு, டார்ச், நடை. இளைஞர்களுக்கு இது ஒரு கதை. முட்டிவலி உள்ளவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இருபது இரவுத் தண்டனை. அப்பா அம்மாவைக் கூட்டிப் போவதாக இருந்தால் யோசிக்காமல் அறை வகையை எடு. எட்டோஷா ராத்திரி போனால் போகட்டும்.

செருப்பு என்றதும் நினைவு வருகிறது. எட்டோஷா முகாம்களில் நரி சுற்றும். வெளியே விட்ட செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஹலாலி முகாமில் ஹனி பேட்ஜர் என்ற வளைக்கரடி குப்பைத்தொட்டியைக் கவிழ்ப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

விலைக்கு வருவோம். அவன் அனுப்பிய கொட்டேஷன்களில் அறை வகை டென்ட் வகையைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தனியாகப் போகிறவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் விரியும். டென்ட்டில் தனி ஆளாக வந்தால் ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்று ஜோடி சேர்த்துவிடுவார்கள். தனி டென்ட்தான் வேண்டும் என்றாலும் கூடுதல் தொகை பெரிதாக இருக்காது. லாட்ஜில் தனி அறை என்றால் வலிக்கும்.

ஆனால் இரண்டிலுமே போட்ட விலை முழு விலை அல்ல. பல நிறுவனங்கள் பூங்கா நுழைவு, மொக்கோரோ, படகுச் சவாரி போன்றவற்றைத் தனி "ஆக்டிவிட்டி பேக்கேஜ்" என்றோ, முதல் நாள் கையில் கொடுக்க வேண்டிய தொகை என்றோ பிரித்துவிடுகின்றன. முதல் பக்கத்து விலை அதனால் அழகாகத் தெரியும். சில சாப்பாடுகள், விசா, ஊழியர்களுக்கு டிப்ஸ், நமீபியக் கடலோர ஊரான ஸ்வாகோப்முண்டில் மணல்சறுக்கு, அருவிமேல் ஹெலிகாப்டர் எல்லாம் அதற்கு மேல். மூன்று கொட்டேஷனையும் ஒரே தாளில் எழுதி, உள்ளே என்ன வெளியே என்ன என்று கோடு போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நாங்கள் அதைச் செய்யாமல் போய், முதல் நாள் காலை கேப் டவுனில் ஏடிஎம் தேடி ஓடினோம்.

பணம் பற்றி இன்னொன்று: தென்னாப்பிரிக்க ராண்டும் நமீபிய டாலரும் ஒன்றுக்கு ஒன்று. ராண்ட் நமீபியாவில் செல்லும், நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது. நமீபியாவை விட்டுக் கிளம்புமுன் அந்தத் தாள்களைத் தீர்த்துவிடு. போட்ஸ்வானாவில் புலா. அந்தச் சொல்லுக்கு மழை என்று அர்த்தம். மழை அருமையான நாட்டில் பணத்துக்கு அதைவிட நல்ல பெயர் என்ன இருக்க முடியும்? அருவி இருக்கும் ஜிம்பாப்வே பக்கம் அமெரிக்க டாலர், சில்லறைத் தாள்களாக.

இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. டென்ட் பயணத்தில் பதிவு செய்துவிட்டு, வேண்டிய இரவுக்கு மட்டும் அங்கேயே பணம் கட்டி அறைக்கு மாறிக்கொள்வது. அப்கிரேட் என்பார்கள். மவுன், கசானே, விக்டோரியா ஃபால்ஸ் போன்ற ஊர்களில் டென்ட் மைதானமும் அறைகளும் பெரும்பாலும் ஒரே வளாகம். நீச்சல்குளம், ஆற்றங்கரை மேடை எல்லாம் இரு சாராருக்கும் பொது. கசானேயில் சோபே ஆற்றின் மேல் சூரியன் விழுவதை அறைக்காரரும் டென்ட்காரரும் ஒரே கைப்பிடியில் சாய்ந்துதான் பார்க்கிறோம். காலி இருந்தால் அறை கிடைக்கும், உறுதி கிடையாது. ஸ்வாகோப்முண்டில் அதுவும் வேண்டாம். கடல் மூடுபனியும் குளிர்காற்றும் உள்ள ஊர் என்பதாலோ என்னவோ, டென்ட் பயணங்களிலும் அங்கே பெரும்பாலும் கட்டில்தான்.

மூன்றாவது, சொந்தமாக ஓட்டுவது. நாலு பேர் சேர்ந்தால் இது கணக்கில் நன்றாகவே வரும். வின்ட்ஹூக்கில் நாலு சக்கரமும் இழுக்கும் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், கூரைமேல் இரண்டு டென்ட், பின்னால் ஃபிரிட்ஜ், அடுப்பு, நாற்காலி எல்லாம் சேர்த்தே வாடகைக்கு விடுகிறார்கள். இந்த வழியில் உள்ள நான்கு நாடுகளிலும் வண்டி இடப்பக்கம்தான், நம் ஊர் மாதிரி. அது பாதிப் பயத்தைப் போக்கிவிடும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம். சாலிட்டேர் என்று பாலைவனத்துக்கு நடுவே ஒரு பெட்ரோல் பங்க், பக்கத்தில் ஆப்பிள் பைக்குப் பேர்போன ஒரு பேக்கரி. அங்கே ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். லாரியில் வந்திருந்தால் இருபது நிமிடம்.

ஆனால் பாடும் உண்டு. சரளை ரோட்டில் எண்பதைத் தாண்டாதே என்று சொல்லித்தான் சாவி கொடுக்கிறார்கள். ரோட்டில் கூடூ மான் குதிக்கும் என்பதால் இருட்டிய பிறகு ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. எங்களுக்கு இரண்டு நாளில் இரண்டு டயர் கிழிந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான், டயரும் கண்ணாடியும் "முழுக் காப்பீட்டில்" சேராது என்று வாடகைக்காரர் சொன்னார். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. பூங்கா முகாம்களில் இடம் பல மாதம் முன்பே பதிய வேண்டும். எல்லை தாண்ட வாடகைக்காரரின் கடிதம் வேண்டும். வின்ட்ஹூக்கில் எடுத்து விக்டோரியா ஃபால்ஸில் விட்டால் ஒருவழிக் கட்டணம் தனி; அது மொத்தக் கணக்கையே கவிழ்த்துவிடும். அதனால் இரண்டு பேருக்கு, கேப் டவுன் முதல் அருவி வரை என்றால் இந்த வகை வேண்டாம். நாலு பேர், நமீபியா மட்டும், வின்ட்ஹூக்கில் தொடங்கி வின்ட்ஹூக்கிலேயே முடிப்பது என்றால் மற்ற இரண்டையும் விட இதுவே மேல்.

சாப்பாடு. அவன் மனைவி சைவம். லாரிப் பயணத்தில் சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பட்டினி போடமாட்டார்கள்; ஆனால் பூசணி, சோளம், பீன்ஸ் சுற்றிச் சுற்றி வரும். சோளமாவுக் களி மாதிரி பாப் என்று ஒன்று; அதற்குத் தொட்டுக்கொள்ள சக்கலக்கா என்ற காரக் கூட்டு. இதை நம் நாக்கு உடனே ஏற்றுக்கொண்டது. மூன்றுகால் இரும்புச் சட்டியில் தணலில் வேகும் பொய்க்கி என்ற குழம்பைச் சைவமாகவும் செய்து தருவார்கள். புறப்படுமுன் கேப் டவுன் சூப்பர் மார்க்கெட்டில் டர்பன் கறிப்பொடி ஒரு பொட்டலம் வாங்கிக்கொள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் டர்பன் போய் இறங்கியவர்களிலிருந்து தொடங்கிய கை மணம் அது. எங்கள் சமையல்காரர் மூன்றாம் நாள் அந்தப் பொட்டலத்தைத் தன் டப்பா வரிசையிலேயே சேர்த்துக்கொண்டார். டென்ட் வகையில் எல்லோரும் சேர்ந்து சமைப்பதால் இப்படி உள்ளே நுழைய முடிகிறது. அறை வகையில் பல இரவு உணவு லாட்ஜ் சாப்பாட்டறையில். கொடுத்ததைச் சாப்பிட வேண்டும்.

எப்போது போவது என்பதும் டென்ட்டா அறையா என்பதை மாற்றும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட குளிர்காலம். பாலைவனத்திலும் கலஹாரியிலும் ராத்திரி பூஜ்ஜியத்துக்கும் கீழே போகலாம். அதற்கேற்ற ஸ்லீப்பிங் பேக் இல்லாமல் போனால் என் மாதிரி ஸ்வெட்டர், ஜெர்கின், குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். ஆனால் விலங்குகள் நீர்க்குட்டையைச் சுற்றிக் கூடுவதும், கொசு குறைவதும் அப்போதுதான். அங்கோலா மலைகளில் பெய்த மழை ஊர்ந்து ஊர்ந்து வந்து ஒகவாங்கோவை நிரப்புவதும் அப்போதுதான். அக்டோபரில் வெயில் நாற்பதைத் தொடும், டென்ட் அடுப்பாகிவிடும். அருவியும் அப்போது மெலிந்துவிடும். மழைக்காலத்தில் ஈர டென்ட்டைச் சுருட்டி ஈரமாகவே விரிக்க வேண்டும். அந்த மாதங்களில் என் ஓட்டு அறைக்கே. மே அல்லது செப்டம்பர் கிடைத்தால் டென்ட்டுக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை.

கடைசியாக இரண்டு நடைமுறை. எட்டோஷாவிலும், ஒகவாங்கோ முதல் அருவி வரையிலும் மலேரியா உண்டு. மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கு. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக விமானம் மாறுவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாளுக்கு முன்பே கிண்டி கிங் நிலையத்தில் போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடு. தென்னாப்பிரிக்க விசா முன்பே கையில் இருக்க வேண்டும். மற்ற நாடுகளின் விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்தத் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள். பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கம் நிறைய இருக்கட்டும்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான்: நீங்கள் இரண்டு பேர், முப்பது வயதுகூட ஆகவில்லை, லீவு செப்டம்பரில். டென்ட் வகையை எடு. செஸ்ரியமும் ஒக்காகுவேயோவும் உள்ளே என்று எழுத்தில் வாங்கு. மிச்சமாகும் பணத்தில் மவுனிலும் அருவி ஊரிலும் இரண்டு இரவுக்கு அறை கேட்டுப் பார்.

நேற்று மறுபடி போன் வந்தது. பதிவு செய்துவிட்டார்களாம். "மாமா, அவ ஒண்ணு கேக்கச் சொன்னா. நரி உள்ளே வராதே?"

ஜிப்பைப் போட்டிருந்தால் வராது. செருப்பை மட்டும் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.